லடாக் போகும் குடும்பத்துக்கு: உயர நோயைத் தவிர்ப்பதும் வந்தால் சமாளிப்பதும்

கேள்வி: ஜூன் மாதம் கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு லடாக் போகிறோம். அப்பாவுக்கு 63 வயது, பி.பி., சுகர் இரண்டுக்கும் மாத்திரை எடுக்கிறார். அம்மாவுக்கு 58. அப்புறம் நான், மனைவி, 7 வயது மகன். டிராவல்ஸில் கொடுத்த 5 இரவு பேக்கேஜ் இப்படி: முதல் நாள் டெல்லியிலிருந்து விமானத்தில் லே, இரண்டாம் நாள் கர்துங் லா கணவாய் வழியாக நுப்ரா பள்ளத்தாக்கு, மூன்றாம் நாள் பாங்காங் ஏரி. உயர நோய் வருமா? கற்பூரம், ஆக்சிஜன் கேன் போதுமா? டயமாக்ஸ் போடலாமா? அப்பா தினமும் வாக்கிங் போகிறவர், அவரைக் கூட்டிப்போவது சரியா?

பதில்:

முதலில் அந்த பேக்கேஜை மாற்றச் சொல்லுங்கள். கற்பூரம், கேன், மாத்திரை பற்றியெல்லாம் அதற்கு அப்புறம் பேசலாம். உயர நோய் வருமா வராதா என்பது பெரும்பாலும் டிக்கெட் போடும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. எந்த இரவு எந்த உயரத்தில் தூங்கப்போகிறீர்கள் என்ற கணக்குதான் இதில் முதல் மருந்து. நான் பொது மருத்துவர். கோடைக் காலத்தில் லடாக் போகும் குழுக்களோடு மருத்துவராகப் போவது வழக்கம். அங்கே மோசமான நிலையில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலானவர்கள் பலவீனமானவர்கள் கிடையாது. அவசரமான திட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள்.

நம் ஊர் மலைகளை வைத்து இதைக் கணக்குப் போடக் கூடாது. ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான், அங்கே யாரும் இரவு தங்குவதும் இல்லை. இந்த நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் போய்த் தங்கும்போதுதான் தலைகாட்டும். அதனால் 'நான் எத்தனை தடவை ஊட்டி, கொடைக்கானல் போயிருக்கேன், எனக்கு ஒன்றும் ஆனதில்லை' என்று சொல்வது லடாக்குக்குப் பொருந்தாது. லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர். டெல்லி வெறும் இருநூறு சொச்சம். ஒன்றேகால் மணி நேரப் பயணத்தில் உங்கள் உடம்பு மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது.

மேலே காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. அங்கேயும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். லேயில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 65 சதவீதம், கர்துங் லாவில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அதாவது ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. உடனே உடம்பு வேகமாக மூச்சு வாங்க ஆரம்பிக்கும். அப்படி வாங்கும்போது கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறி, ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்ந்துவிடும். அதைக் கண்டதும் மூளை, 'போதும், மூச்சைக் குறை' என்று பிரேக் போடும். இந்த பிரேக்கை விடுவிக்கும் வேலை சிறுநீரகங்களுடையது. அவை பைகார்பனேட்டைச் சிறுநீரில் வெளியேற்றி ரத்தத்தைச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். நடக்கிறவர், ஓடுகிறவர், ஜிம்முக்குப் போகிறவர் எல்லாருக்கும் சிறுநீரகம் இதே நிதானத்தில்தான் வேலை செய்யும். தூக்கத்தில் மூச்சு இன்னும் தாழ்வதால் ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் இறங்குவது இரவில்தான். பகலில் எந்த உயரத்தைத் தொட்டீர்கள் என்பதைவிட இரவில் எங்கே படுக்கிறீர்கள் என்பதற்கு இத்தனை முக்கியத்துவம் இதனால்தான்.

இதை நம் நாடு பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறது. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்த வீரர்கள் அவசர அவசரமாக உயரமான எல்லைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். பலர் நுரையீரலில் நீர் கோத்து விழுந்தார்கள். அந்தக் காலத்தில் ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவர் குழுவினரும் 1,925 வீரர்களைக் கவனித்து எழுதி 1969இல் வெளியான கட்டுரையை உலகமெங்கும் உயர மருத்துவம் படிப்பவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். இப்போது ராணுவத்தில் 9,000 முதல் 12,000 அடி உயரத்துக்குப் போகிறவருக்கு ஆறு நாள் பழக்கம் கட்டாயம். அதில் முதல் இரண்டு நாள் ஓய்வு மட்டும்தான். அதற்கு மேலே ஏற 4 நாள், 15,000 அடியைத் தாண்ட இன்னும் 4 நாள். இருபது வயது சிப்பாய்க்கு இந்தக் கணக்கு. உங்கள் அப்பாவையும் ஏழு வயதுப் பையனையும் இரண்டாம் நாள் காலையிலேயே கர்துங் லாவுக்கு ஏற்றச் சொல்கிறது அந்த பேக்கேஜ்.

அதில் இன்னொரு பெரிய ஓட்டை மூன்றாம் நாள் பாங்காங். ஏரிக்கரை ஏறக்குறைய 4,250 மீட்டர். லே வந்து மூன்றாம் இரவிலேயே அங்கே கூடாரத்தில் படுப்பீர்கள். உயர நோயின் மோசமான வடிவங்கள் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் இரவில்தான் வரும். அப்படி வந்தால் கீழே இறங்க வேண்டும். ஆனால் பாங்காங்கிலிருந்து லேவுக்கு வரும் நேர் வழி சாங் லா கணவாயைத் தாண்டித்தான் போகிறது, அது 5,300 மீட்டருக்கு மேல். மூச்சுக்குத் தவிக்கும் ஒருவரைக் காப்பாற்ற, முதலில் அவரை இன்னும் ஆயிரம் மீட்டர் மேலே கொண்டுபோக வேண்டியிருக்கும். நடுராத்திரியில், பனி விழுந்தால் கணவாய் மூடியும் இருக்கலாம். வரைபடத்தில் தூரம் மட்டும் பார்த்துத் திட்டம் போடுபவர்களுக்கு இது கண்ணில் படாது.

சரி, எப்படி மாற்றலாம்? ஐந்து இரவை ஏழாக்குங்கள். முடியாது என்றால் பாங்காங்கை விட்டுவிடுங்கள். லேயும் சிந்து நதிக்கரையும் மட்டும் பார்த்தாலே நிறைவான பயணம்தான்.

முதல் இரண்டு இரவு லேயில் தங்கி ஓய்வு எடுங்கள். ஓய்வு என்றால் நிஜமான ஓய்வு. லே அரண்மனைக்கு ஏறுவது, சாந்தி ஸ்தூபியின் படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவதெல்லாம் அதில் சேராது. இரண்டாம் நாள் சாயங்காலம் கடைத்தெருவில் மெதுவாக ஒரு சுற்று வரலாம், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காரில் ஷே, திக்ஸே பக்கமோ, நிம்மு சங்கமம் வழியாக ஆல்ச்சி பக்கமோ போய்வாருங்கள். ஆல்ச்சி லேயைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்வு. உண்மையில் வயதானவர்கள் இருந்தால், விமானத்திலிருந்து இறங்கியதும் நேராக ஆல்ச்சிக்குப் போய் அங்கேயே முதல் இரண்டு இரவு தங்குவது இன்னும் நல்லது. இரண்டு மணி நேரக் கார் பயணம்தான். இந்த யோசனையை டிராவல்ஸ்காரர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நான்காம் நாள் கர்துங் லா தாண்டி நுப்ரா. கணவாயில் 18,380 அடி என்று எழுதிய பலகை வெகுகாலமாகப் பிரபலம். உண்மையான உயரம் சுமார் 17,580 அடிதான். எதுவாக இருந்தாலும் அங்கே பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். படம் எடுக்க ஓடாதீர்கள், பையனையும் ஓட விடாதீர்கள். அந்தப் பக்கம் இறங்கினால் ஹுண்டர், திஸ்கித் இரண்டும் 3,100 மீட்டர் அளவில், லேயைவிடத் தாழ்வு. இரண்டு இரவு நிம்மதியாகத் தூங்கலாம். ஆறாம் நாள் ஷியோக் ஆற்றங்கரைச் சாலையில் பாங்காங். இந்த வழியில் பெரிய கணவாய் எதுவும் குறுக்கே வராது, யாருக்காவது முடியவில்லை என்றால் அதே வழியில் நுப்ராவுக்கு இறங்கிக்கொள்ளலாம். உங்கள் குடும்பத்துக்கு என் ஆலோசனை, ஏரியை மத்தியானம் ஆற அமரப் பார்த்துவிட்டு ராத்திரிக்கு தாங்சேக்கு இறங்கிவிடுங்கள். அது 4,000 மீட்டருக்குக் கீழே. கரையில் கூடாரத்தில் படுத்து நட்சத்திரம் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் இருக்கும். அந்தக் குளிரிலும் உயரத்திலும் அறுபதைத் தாண்டியவருக்கு அது நல்ல இரவாக இருக்காது. ஏழாம் நாள் சாங் லா வழியாக லே, மறுநாள் விமானம்.

நேரம் இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஸ்ரீநகர் சாலை. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், கார்கில் 2,700 அளவில், அப்புறம் லே. ஒவ்வொரு இரவும் படிப்படியாக ஏறும். மணாலி வழியாக ஏறுவது அப்படி இல்லை. சர்ச்சுவில் 4,290 மீட்டரில் கூடாரம் போட்டு வைத்திருப்பார்கள். மணாலியிலிருந்து கிளம்பியவர்கள் ஒரே நாளில் அங்கே போய்ப் படுத்து, ராத்திரி முழுக்க வாந்தி எடுப்பது அந்தச் சாலையில் அடிக்கடி நடக்கும் கதை. ஸ்ரீநகர் வழியாக ஏறி, உடம்பு பழகின பிறகு மணாலி வழியாக இறங்குவதுதான் சரியான வரிசை.

விமானத்தில் போவதானால் ஒன்றைக் கவனியுங்கள். டெல்லி–லே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான், மத்தியானத்துக்கு மேல் அங்கே காற்று பலமாக வீசும். கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி டெல்லி வந்து, விமான நிலைய நாற்காலியில் கண் விழித்து உட்கார்ந்து, விடியற்காலை லே விமானம் ஏறுவார்கள். தூக்கம் இல்லை, தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை, அந்த நிலையில் 3,500 மீட்டர். டெல்லியில் ஒரு இரவு அறை எடுத்துத் தூங்கிவிட்டுப் போங்கள்.

இனி நோய் எப்படி வரும் என்று பார்ப்போம். லேயில் இறங்கியதும் எல்லாரும் நன்றாகத்தான் இருப்பார்கள். அதுதான் ஏமாற்றும். தலைவலி பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். தலைவலியோடு பசியின்மை, குமட்டல், அசதி, தலைசுற்றல் இவற்றில் ஒன்று சேர்ந்தால் அது உயர நோய்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள், வேறு காரணம் நிரூபணமாகும் வரை. நம் ஆட்களிடம் இதில் ஒரு சிக்கல் உண்டு. யாரும் 'எனக்கு உயர நோய்' என்று சொல்ல மாட்டார்கள். 'பித்தம் ஏறிடுச்சு', 'கேஸ் டிரபிள்', 'நேத்து சாப்பிட்ட பரோட்டா ஒத்துக்கல', 'பயண அலுப்பு' என்பார்கள். கோடாலி தைலத்தைத் தடவிக்கொண்டு போர்வைக்குள் போய்விடுவார்கள். எல்லாரும் போகிற இடத்துக்கு நம்மால் தடை வரக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம்.

லேயில் ஒரு விருந்தினர் விடுதியில் எங்கள் குழுவில் ஒருவர் மூன்றாம் நாள் காலை இப்படித்தான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, நல்ல உடற்கட்டு. இட்லி மாவு கொண்டுவந்து சுட்டுக் கொடுத்திருந்தார்கள். அவர் இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாரே தவிர வாயில் போடவில்லை. கேட்டால் 'லேசா சளி, டாக்டர்' என்றார். முந்தின நாள் இரண்டு மாடி ஏறி வந்தவர், அன்று பேசும்போதே வாக்கியத்தின் நடுவில் மூச்சுக்கு நிறுத்தினார். வறட்டு இருமல். நகங்கள் லேசாக நீலம். நாடி நிமிடத்துக்கு 118. அன்று போக வேண்டிய வண்டியை நிறுத்தி அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் நீர். ஆக்சிஜனிலேயே இரண்டு நாள் இருந்து தெளிந்து, விமானத்தில் டெல்லி இறங்கினார். அந்த 'லேசா சளி'யை நம்பி கணவாய்க்கு ஏறியிருந்தால் முடிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

இதுதான் நுரையீரல் வீக்கம், ஹேப் என்பார்கள். உயர நோயால் சாகிறவர்களில் அதிகம் பேர் இதனால்தான். அடையாளங்கள்: நேற்று செய்த வேலையை இன்று செய்ய முடியாத அளவுக்கு அசதி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, படுத்தால் இன்னும் அதிகம், வறட்டு இருமல், உதடும் நகமும் நீலம். முற்றினால் சளி நுரையாக, இளஞ்சிவப்பாக வரும். லேசான காய்ச்சலும் இருக்கலாம், அதனால் நிமோனியா என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுத்து நேரத்தைக் கழிப்பவர்கள் உண்டு. தலைவலியே இல்லாமலும் இது வரும் என்பதை மறக்காதீர்கள். இன்னொன்று மூளை வீக்கம், ஹேஸ். குடித்தவர் போலத் தள்ளாடுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, எழுப்பினால் சரியாக எழாமல் இருப்பது. சந்தேகம் வந்தால் ஒரு நேர்க்கோட்டில், முன்னால் வைக்கும் காலின் குதிகால் பின்காலின் கட்டைவிரலைத் தொடும்படி ஒட்ட ஒட்ட அடி வைத்துப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வந்தால் என்ன செய்வது என்பது குழப்பமில்லாத விஷயம். தலைவலி, குமட்டல் மட்டும் என்றால் அன்று மேலே ஏறக் கூடாது. இருந்த இடத்திலேயே ஓய்வு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், பாராசிட்டமால் அல்லது இபுப்ரோஃபென், வாந்திக்கு ஒன்டன்செட்ரான். ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். சரியான பிறகு ஏறலாம். ஓய்விலும் மோசமாகிக்கொண்டே போனால் இறங்க வேண்டும். மூச்சிரைப்போ தள்ளாட்டமோ தெரிந்தால், எந்த நேரமானாலும், அந்தக் கணமே ஆக்சிஜனும் இறக்கமும். பெரும்பாலும் 300 முதல் 1,000 மீட்டர் இறங்கினாலே நல்ல மாற்றம் தெரியும். இறங்குகிறவரைத் தனியாக டிரைவரோடு அனுப்பாதீர்கள், வீட்டு ஆள் ஒருவர் கூடவே போக வேண்டும். லேயிலேயே இருந்தால் சோனம் நொர்பு நினைவு மருத்துவமனைக்குப் போங்கள். சமவெளியிலிருந்து வந்து விழுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள், ஆக்சிஜன் வசதியும் உண்டு. அங்கே ஆக்சிஜன் கிடைப்பதால் பலருக்கு உடனே சமவெளிக்கு இறங்க வேண்டிய அவசியம்கூட இராது.

மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெதசோன் முதலில் 8 மில்லிகிராம், அப்புறம் ஆறு மணிக்கொரு தடவை 4. நுரையீரல் வீக்கத்துக்கு ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நீண்டநேரம் வேலை செய்யும் நிஃபெடிபின். இவை இறங்கும் நேரத்தில் கைகொடுக்கும் மருந்துகள், இறங்குவதற்குப் பதிலாக எடுப்பவை அல்ல. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில யாத்திரைக் குழுக்களில் தலைவலி என்றதும் ஒரு டெக்ஸா கொடுத்து மேலே கூட்டிப்போகிறார்கள். ஸ்டீராய்டு தலைவலியை அமுக்கிவிடும், உடம்பைப் பழக்காது. மருந்தின் வேகம் தீரும்போது ஆள் இன்னும் உயரத்தில் இருப்பார். சுகர் இருக்கிறவருக்கு அது சுகரையும் ஏகத்துக்கு ஏற்றிவிடும். அப்படி ஒரு மாத்திரையை யாராவது நீட்டினால் 'இது என்ன மாத்திரை' என்று பெயர் கேளுங்கள்.

டயமாக்ஸ் விஷயத்துக்கு வருவோம். அசிட்டசோலமைடு என்பது மருந்தின் பெயர். சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றும் வேலையை இது முடுக்கிவிடும், அதனால் உடம்பு பழகுவது உண்மையிலேயே சீக்கிரம் நடக்கும். அறிகுறியை மறைக்கிற மருந்து இல்லை. நேராக விமானத்தில் லே போகும் பெரியவர்களுக்கு நான் பொதுவாக இதைப் பரிந்துரைக்கிறேன்: 125 மில்லிகிராம், காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று, விமானம் ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து, லே சேர்ந்து இரண்டு நாள் வரை. கடையில் 250 மாத்திரைதான் சாதாரணமாகக் கிடைக்கும், பாதியாக உடைத்துக்கொள்ளலாம். விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வதுபோல இருக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடாவும் கோலாவும் ருசி கெட்டுச் சப்பென்று இருக்கும். இதெல்லாம் பயப்பட வேண்டியவை அல்ல. சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. உயரத்துக்குப் போகுமுன் ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது, ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும். ஸ்ரீநகர் சாலையில் நிதானமாக ஏறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இது தேவைப்படாது.

கற்பூரம். நம்மவர்கள் கைக்குட்டையில் முடிந்து மோந்துகொண்டே வருவார்கள். அந்த வாசனையில் மூக்கில் குளிர்ச்சி பட்டு, மூச்சு திறந்த மாதிரி ஒரு உணர்வு வரும். நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜன் ஒரு துளிகூட அதிகமாகாது. மோந்து பார்க்கிறவருக்குக் கெடுதல் இல்லை, ஆனால் சின்னப் பையன் இருக்கும் வண்டியில் கற்பூரக் கட்டி வேண்டாம். குழந்தை கொஞ்சம் விழுங்கினாலும் வலிப்பு வரும் அளவுக்கு அது விஷம். ஹோமியோபதியில் கோகா என்று யாத்ரீகர்கள் எடுப்பதற்கும் நிரூபணம் இல்லை. பூண்டு சூப், சுக்கு காபி எல்லாம் தாராளமாகக் குடியுங்கள். குளிருக்கு இதம், வயிற்றுக்கு நல்லது. நோயைத் தடுக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

ஆக்சிஜன் கேனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கேனில் 10 லிட்டர் என்று போட்டிருந்தால், நிமிடத்துக்கு 2 லிட்டர் கொடுத்தால் ஐந்து நிமிடம். மூச்சு இரைக்கும் ஒருவரை பாங்காங்கிலிருந்து இறக்க மணிக்கணக்கில் ஆகும். அதனால் கேன் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் மேலே ஏறுவது ஆபத்து. வேண்டுமானால் வாடகை காரில் முழு ஆக்சிஜன் சிலிண்டரும் முகமூடியும் இருக்கிறதா, சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா என்று கிளம்புமுன் மீட்டரைப் பார்த்துக் கேளுங்கள். லேயில் வாடகைக்கும் கிடைக்கும்.

கொரோனாவுக்கு அப்புறம் எல்லார் வீட்டிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கிறது, எடுத்துப் போங்கள். ஆனால் '94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி' என்று அப்போது மனப்பாடம் செய்ததை மறந்துவிடுங்கள். லேயில் முதல் நாள் 85 முதல் 90 வரை காட்டுவது சாதாரணம், நன்றாக இருக்கும் எனக்கும் அப்படித்தான் காட்டும். விரல் சில்லென்று இருந்தால், நகப்பூச்சு இருந்தால் இன்னும் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள். ஒரு எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். வீட்டில் மற்றவர்களுக்கெல்லாம் 88 காட்டும்போது ஒருவருக்கு மட்டும் 76 என்றால், அல்லது நேற்றைவிட இன்று இறங்கிக்கொண்டே போனால், அவரைக் கூர்ந்து கவனியுங்கள். எண் நன்றாக இருந்து ஆள் மோசமாகத் தெரிந்தால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

தண்ணீர் நிறையக் குடித்தால் உயர நோய் வராது என்பது பாதி உண்மைகூட இல்லை. வறண்ட காற்றில் உடம்பு நீர் இழக்கும், அதை ஈடுகட்டும் அளவுக்குக் குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிர் நிறமாக இருந்தால் போதும். ஐந்தாறு லிட்டர் கட்டாயமாகக் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கி, அதனாலேயே தலைவலியும் வாந்தியும் வந்தவர்கள் உண்டு. மது முதல் மூன்று நாள் கூடவே கூடாது. தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரையும் போடக் கூடாது. இரண்டுமே இரவில் மூச்சைத் தாழ்த்தும். தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். பக்கத்தில் படுத்திருப்பவர் மூச்சை விட்டு, சில விநாடி நிறுத்தி, திடீரென்று பெருமூச்சாக வாங்குவதைக் கேட்டு மனைவிமார் பயந்துபோய் என் அறைக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அந்த உயரத்தில் அது இயல்பு. பகலில் ஆள் தெளிவாக இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

உங்கள் பையனைப் பற்றி. குழந்தைகளுக்கு இது பெரியவர்களைவிட அதிகமாக வருவதில்லை, குறைவாகவும் வருவதில்லை. ஏழு வயதில் தலைவலி என்று சொல்லத் தெரியும், ஆனால் 'வயிறு வலிக்குது' என்றுதான் முதலில் சொல்வான். சாப்பிடவில்லை, விளையாடவில்லை, வழக்கமில்லாத நேரத்தில் சுருண்டு படுக்கிறான் என்றால் அதை உயர நோயாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் வாரத்தில் அவனுக்குச் சளி, காய்ச்சல், நெஞ்சுக் கட்டு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், நுரையீரல் வீக்கம் வரும் வாய்ப்பை அது கூட்டும். பணம் போனால் போகட்டும்.

கைபேசியையும் இதோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. குடும்பத்தில் இரண்டு பேராவது போஸ்ட்பெய்டு வைத்திருங்கள். பாங்காங் பக்கம் அதுவும் சரியாக எடுக்காது. உதவிக்குக் கூப்பிட முடியாத இடத்துக்குப் போகிறோம் என்று தெரிந்தே போக வேண்டும்.

கடைசியாக உங்கள் அப்பா. கூட்டிப்போங்கள். கட்டுக்குள் இருக்கும் பி.பி.யும் சுகரும் லடாக்குக்குத் தடை இல்லை. அறுபதைக் கடந்தவர்கள் இளைஞர்களைப்போல அவசரப்பட மாட்டார்கள், அது அவர்களுக்கு நல்லதே. தினமும் வாக்கிங் போவது இதயத்துக்கு நல்ல செய்தி, ஆனால் உயர நோயிலிருந்து காப்பாற்றாது, இதை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். இதயச் செயலிழப்பு, சமீபத்தில் மாரடைப்பு, நுரையீரல் ரத்த அழுத்தம், கடுமையான நுரையீரல் நோய், சிக்கிள் செல் என்ற ரத்த நோய் இவை இருந்தால் நான் வேண்டாம் என்பேன். அவருக்கு இவை எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

கிளம்ப ஒரு மாதம் முன்பு அவருடைய மருத்துவரிடம் மாத்திரைப் பட்டியலோடு போங்கள். மாடி ஏறும்போது நெஞ்சில் பாரம், மூச்சிரைப்பு உண்டா என்று பார்த்து, தேவைப்பட்டால் ஈ.சி.ஜி., எக்கோ எடுக்கச் சொல்வார். பி.பி. மாத்திரையில் நீர் பிரியும் மருந்து சேர்ந்திருந்தால், அதோடு டயமாக்ஸும் சேரும்போது நீரும் பொட்டாசியமும் அதிகம் இறங்கும், அதைக் கேளுங்கள். சுகருக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். உயரத்தில் பசி இல்லாமல் சாப்பாடு குறைந்து, நீரும் வற்றினால், சுகர் அளவு பெரிதாக ஏறாமலேயே கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும், டயமாக்ஸ் அந்த அமிலத்தன்மையை இன்னும் கூட்டும். பயணத்துக்கு முன் மாற்று மாத்திரை தருவதா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். முதல் சில நாள் அங்கே பி.பி. கொஞ்சம் ஏறித்தான் காட்டும், அதைப் பார்த்து நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள், எந்த அளவைத் தாண்டினால் என்ன செய்வது என்பதை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் அதைச் சட்டைக்கு உள்பக்கம் வையுங்கள். வண்டியின் பின்பக்கம் வைத்தால் உறைந்துவிடலாம், உறைந்த இன்சுலினைப் போடக் கூடாது. சுகர் மீட்டரையும் அதே மாதிரி உடம்போடு ஒட்டி வையுங்கள், குளிரில் அது தப்பான எண்ணைக் காட்டும். மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து ஒன்று அவர் கைப்பையிலும் ஒன்று உங்கள் பையிலும் இருக்கட்டும், பெட்டியில் போட்டு செக்-இன் செய்ய வேண்டாம்.